தாளிக்கிற கரண்டியில் அரக்கு

மீட்டர்காரர் சம்சாரம் மகன் வீட்டிலிருந்து திரும்பி வந்த அன்று, செருப்பைக் கழற்றிய கையோடு அடுக்களைக்குள் போய் முதலில் தேடியது டீ வடிகட்டியைத்தான். கிடைக்காமல் போகவில்லை. ஜன்னல் கம்பியில் மாட்டியிருந்தது. உள்ளே ஈரமாக நாலைந்து கற்கள் கிடந்தன.

"இதுல எதுக்குங்க கல்லு?"

"அத அப்படியே வை. கழுவிக் காய வச்சிருக்கேன்" என்றபடி அவர் பின்னாலேயே வந்தார். "உனக்கு டீதானே வேணும்? இரு, கடைல வாங்கிட்டு வரேன்."

"அடுப்பு இருக்கு, பாத்திரம் இருக்கு, நான் இருக்கேன். கடைலயா வாங்கணும்?"

"பாத்திரம் இருக்கு…" என்று இழுத்தார் மீட்டர்காரர். அந்த இழுவையிலேயே அவளுக்குப் பாதி விளங்கிவிட்டது.

வீடு வீடாக ஏறி இறங்கி மின்சார மீட்டர் கணக்கெடுத்தவர் அவர். ஓய்வு பெற்று வருஷங்கள் ஓடிவிட்டன. ஆனாலும் தெருவுக்கு அவர் மீட்டர்காரர்தான், அவள் மீட்டர்காரர் சம்சாரம்தான். அவளுக்கென்று தனியாக ஒரு பட்டப்பெயர் வைக்க இதுவரை யாருக்கும் தோன்றவில்லை.

பேத்தி பிறந்தபோது கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரலாமென்று மகன் வீட்டுக்குப் போனவள். அந்தக் கொஞ்ச நாள் ஜவ்வாக இழுத்து, குழந்தை பள்ளிக்கூடம் போகும் வரைக்கும் வந்துவிட்டது. மருமகள் நல்ல பெண். ஒரு சுடுசொல் கிடையாது. ஆனால் இவள் இடது பக்கம் வைத்த கரண்டி மறுநாள் வலது பக்கம் போயிருக்கும். இவள் எடுத்துக் கொடுக்கும் முன்பே எல்லாம் எடுத்தாகியிருக்கும். குழந்தை பள்ளிக்கூடம் போன பிறகு, பகல் முழுக்க அந்த அடுக்குமாடி வீட்டில் ஃப்ரிட்ஜ் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு நாள் வாய் தவறிச் சொல்வதுபோல, "நம்ம வீட்டுப் பக்கம் போய்ட்டு வரலாம்னு பாக்குறேன்" என்றாள். "சரிம்மா, டிக்கெட் போட்டுடட்டுமா?" என்றான் மகன். அவன் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கேட்ட மூச்சிலேயே டிக்கெட்டைக் கையில் எடுக்க வேண்டுமா என்று அவளுக்குப் பட்டது.

தன் துணிமணி அத்தனையையும் பெட்டியில் அடுக்கிக்கொண்டுதான் கிளம்பினாள். ஆனால் மீட்டர்காரரிடம் போனில், "ஒரு வாரம் இருந்துட்டுப் போறேன்" என்று மட்டும் சொன்னாள். "ஏன் போகணும், இரு" என்று அவர் சொல்லட்டும், அப்புறம் இருந்துகொள்ளலாம். கேட்டு வாங்கி இருக்க அவளுக்கு மனசில்லை. அதுவும் சொந்த வீட்டில்.

கடை டீயைக் குடித்துவிட்டு அவள் அடுக்களையைத் துழாவினாள். தாளிக்கிற கரண்டியைக் காணோம். இடுக்கியைக் காணோம். பால் காய்ச்சும் குட்டிப் பாத்திரத்தைக் காணோம். ஃப்ரீசரைத் திறந்தால், ஐஸ் இருக்க வேண்டிய இடத்தில் பெரிய பெரிய ஆணிகள் படுத்திருந்தன. ஒவ்வொரு ஆணியின் தலையிலும் ஒரு கல் ஒட்டியிருந்தது.

"ஆணிக்கு ஜுரமா?" என்று கேட்டாள்.

"வா, காட்டுறேன்" என்றார். அவர் முகத்தில் அவள் வெகுகாலமாகப் பார்க்காத ஒரு வெளிச்சம்.

மகன் படித்துக்கொண்டிருந்த பின் அறைதான் இப்போது கல் பட்டறை. அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். காணாமல் போனதெல்லாம் அங்கே குடியேறியிருந்தது. ஐஸ் டிரேயின் ஒவ்வொரு குழியிலும் ஒவ்வொரு நிறக் கல். தாளிக்கிற கரண்டியில் சிவப்பு அரக்கு உருகி உறைந்திருந்தது. அவளுடைய ஹேர் டிரையர் ஒரு கட்டையில் கயிறு போட்டுக் கட்டப்பட்டிருந்தது. குளிக்கும்போது தலையில் மாட்டும் பிளாஸ்டிக் தொப்பி ஒரு சக்கரத்தின் தலையில் இருந்தது. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றும் குழாய் ஒன்று, தலைகீழாகத் தொங்கிய தண்ணீர் பாட்டிலிலிருந்து சாணைச் சக்கரத்தின் மேல் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டிருந்தது.

"இந்த மோட்டார் எங்கேர்ந்து வந்தது?"

"நம்ம பழைய வாஷிங் மெஷின்."

"வாஷிங் மெஷினையா பிரிச்சீங்க?"

"அது ஓடலைன்னு நீதானே சொல்லிட்டுப் போனே. மோட்டார் நல்லாத்தான் இருந்துச்சு, பெல்ட்டுதான் போயிருந்துச்சு." பெருமையாகச் சிரித்தார். "சும்மா உக்காந்திருந்தேனா, ஒரு நாள் ரோடு போடக் கொட்டியிருந்த ஆத்துச் சரளைல இந்த மாதிரி ஒரு கல்லு. தண்ணி பட்டதும் உள்ள வெள்ளை வளையம் தெரிஞ்சுது. சரி, தேச்சுத்தான் பாப்போமேன்னு ஆரம்பிச்சேன். கல்ல ஹேர் டிரையர்ல சூடு பண்ணி, அரக்கு உருக்கி, ஆணித் தலைல ஒட்டிக்கணும். அப்பதான் பிடிச்சுத் தேய்க்க வாட்டமா இருக்கும். தேச்சு முடிஞ்சதும் ஃப்ரீசர்ல வச்சா அரக்கு இறுகிக் கல்லு தானா கழண்டுக்கும். யாரும் சொல்லிக் குடுக்கல. நானே கண்டுபிடிச்சேன்."

அதை அவருக்கு முன்னால் உலகத்தில் எத்தனையோ பேர் கண்டுபிடித்திருப்பார்கள். ஆனால் தனியாகக் கண்டுபிடித்தவனுக்கு அது புதுசுதானே.

சுவரோரமாக மூன்று தொட்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பழைய டூத் பிரஷ்ஷும் ஒரு துணியும். கறுப்பு நூல் கட்டியது ஒரு ஜோடி, நீல நூல் கட்டியது ஒரு ஜோடி, வெள்ளை நூல் கட்டியது ஒரு ஜோடி.

"இதுதான் முக்கியம், கேட்டுக்கோ" என்றார். "கறுப்பு, முரட்டுத் தூளுக்கு. கண்ணாடிப் பலகைல அந்தத் தூளைப் போட்டுத்தான் கல்லோட அடிப்பக்கத்தைத் தேய்ப்பேன். நீலம் நடுவுல. வெள்ளை, கடைசில மெருகு போடறதுக்கு. ஒண்ணு இன்னொண்ணத் தொடவே கூடாது. முரட்டுத் தூள்ல ஒரு பொட்டு, கண்ணுக்கே தெரியாது, அது மெருகுத் துணிக்குப் போச்சுன்னு வை, கல்லு பூரா கீறல் விழுந்துடும். நான் ஒவ்வொரு தடவையும் கை கழுவிட்டுத்தான் அடுத்ததத் தொடுவேன்."

சாப்பிட்ட தட்டைக்கூட ஒரு நாளும் கழுவியறியாத மனுஷன் கை கழுவுவதைப் பற்றிப் பாடம் நடத்தினார். ஆனால் அவள் காது அங்கே இல்லை. மெருகுச் சக்கரத்தில் ஒட்டியிருந்த பழுப்புத் தோலையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தோலின் ஓரத்தில் ஒரு தையல் ஓடியது. அந்தத் தையலை அவளுக்குத் தெரியும்.

"இது என் கைப்பை."

"பிடி அறுந்து கிடந்துச்சு" என்றார். "நல்ல தோல். மெருகுக்கு அதுமாதிரி கிடைக்காது. இன்னொரு பக்கம் அப்படியே பத்திரமா வச்சிருக்கேன்."

அவள் அடுக்களைக்குப் போய், இருந்த ஒரே வாணலியில் சாதத்தையும் அதிலேயே கீரையையும் மாற்றி மாற்றிச் சமைத்தாள்.

அடுத்து வந்த நாட்களில் அவளுக்குப் பேச ஆள் கிடைத்தமாதிரியும் இருந்தது, கிடைக்காதமாதிரியும் இருந்தது. அவர் வீட்டில்தான் இருந்தார், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம். சக்கரம் கிர்ரென்று ஓடிக்கொண்டேயிருக்கும். பேத்தி பள்ளிக்கூடத்தில் செய்த கூத்து ஒன்றை நினைத்துச் சிரித்துக்கொண்டே போய்ச் சொல்வாள். அவர் ஸ்விட்சை அணைத்து, "என்ன சொன்னே?" என்பார். அதற்குள் சொல்ல வந்ததன் சூடு ஆறியிருக்கும். "ஒண்ணுமில்ல, சாப்பிட வாங்க" என்று திரும்பிவிடுவாள். வந்து உட்கார்ந்தால் சாப்பாட்டின் முழு நேரமும் கல்தான்.

"வெள்ளிக்கடைக்காரர் இருக்கார்ல, அவர்கிட்ட என் கல்லு ரெண்டு மூணு கொண்டு போய்க் காட்டினேன். லென்ஸ மாட்டிக்கிட்டு உத்து உத்துப் பாத்தார். வெட்டு நல்லா இருக்கு, மெருகு பத்தாதுன்னுட்டார். ஒரே ஒரு கல்லு, கீறல் இல்லாமக் கொண்டாங்க, மோதிரத்துல வச்சு என் கண்ணாடிப் பெட்டில வைக்கிறேன்னார். சொல்லுவாரா யார்கிட்டயாவது? அவர் எப்பேர்ப்பட்ட ஆளு."

"ம்."

"இப்ப கைல இருக்கு பாரு, அந்த வளையம் போட்ட கல்லு, அதான் அது. மெருகு ஒண்ணுதான் பாக்கி."

"இன்னும் கொஞ்சம் சாதம் போடட்டுமா?"

"போதும் போதும்." எழுந்து போய்விட்டார்.

எவ்வளவு நாள் இருப்பாய் என்று அவர் கேட்கவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. அங்கே மருமகளின் அடுக்களையில் விருந்தாளியாக இருந்தாள். இங்கே வந்தால் தன் அடுக்களையே இல்லை. பெட்டியிலிருந்து துணியை எடுத்து அலமாரியில் அடுக்கலாமா வேண்டாமா என்பதுகூடத் தெரியாமல், தினமும் பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்து உடுத்திக்கொண்டு மறுபடி மூடினாள்.

ஒரு நாள் காலையில் அவர் அந்தக் கல்லின் அளவைக் காட்ட வெள்ளிக்கடைக்குப் போனார். வீடு நிசப்தமாகிவிட்டது. அவள் பின் அறை வாசலில் நின்று பார்த்தாள். அழுக்கு. தொட்டி ஓரமெல்லாம் கறுப்புச் சேறு, துணியெல்லாம் விறைத்துப்போய்க் கிடந்தது. அவளுக்குக் கை பரபரத்தது. எத்தனையோ நாளாக அவளைத் தேடி ஒரு வேலையும் வரவில்லை. இதோ ஒரு வேலை தானாக வந்து எதிரில் நிற்கிறது.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிரஷ்களையும் துணிகளையும் அள்ளிப் புழக்கடைக் குழாயடிக்குக் கொண்டுபோனாள். பெரிய வாளி ஒன்றில் சோப்புத் தூளைக் கரைத்து, அத்தனையையும் ஒன்றாகப் போட்டு ஊறவைத்தாள். கும்மிக் கசக்கினாள். கறுப்புத் தண்ணீர் போகப் போகத் தெளிந்தது. அதே ஈரத் துணியால் மெருகுச் சக்கரத்தின் தோலையும் அழுந்தத் துடைத்தாள். என் கைப்பை, நான் துடைக்காமல் யார் துடைப்பது என்று நினைத்துக்கொண்டாள். வெயிலில் உலர்த்தி, கறுப்பு நூலைக் கறுப்புத் தொட்டிக்கும் நீலத்தை நீலத்துக்கும் வெள்ளையை வெள்ளைக்குமாக, இருந்தது இருந்தபடி வைத்தாள். எந்த நூல் எந்தத் தொட்டிக்கு என்பது அவளுக்கு அத்துப்படி. எதற்காக என்பதைத்தான் அன்றைக்கு அவள் காதில் வாங்கவில்லை.

வந்ததும் கேட்பார் என்று காத்திருந்தாள். யார் இப்படிப் பளிச்சென்று கழுவியது என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். நான்தான் என்று சொல்லி, அப்படியே அந்தப் பேச்சில், நான் வேணும்னா இங்கேயே இருந்து பார்த்துக்கறேனே என்றுகூடச் சொல்லிவிடலாம். மனசுக்குள் அவள் அதைச் சொல்லியும் பார்த்துவிட்டாள்.

அவர் வந்தார். சட்டையைக் கழற்றினார். "அளவு சரியா இருக்காம். மெருகு போட்டுக் கொண்டாங்கன்னுட்டார்" என்றார். நேரே பின் அறைக்குப் போனார். சக்கரம் ஓட ஆரம்பித்தது. ஒரு சொல் வரவில்லை. வீம்பில் அவளும் சொல்லவில்லை.

சாயங்கால வெயில் இருக்கும்போதே சக்கரம் நின்றது. வெகுநேரம் சத்தமே இல்லாமல் போகவே அவள் எட்டிப் பார்த்தாள். அவர் ஜன்னலோரம் பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்னங்க?"

"கீறல்" என்றார். "குறுக்க ஓடுது. இந்தா பாரு. இங்க ஒண்ணு. இங்க."

அவள் பார்த்தாள். கல் அழகாகத்தான் இருந்தது. உற்றுப் பார்த்தபோதுதான், தலைமயிர் உதிர்ந்து ஒட்டினமாதிரி கோடுகள் தெரிந்தன.

"முரட்டுத் தூள் எப்படியோ மெருகுக்கு வந்துடுச்சு" என்றார். "எப்படி வந்துது? கை கழுவினேனே. கழுவாம விட்டுட்டேனோ?"

அந்த நிமிஷம் அவளுக்குக் குழாயடியும் வாளியும் கண் முன்னால் வந்தன. சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் கல்லோடு நடுத் தொட்டிக்குப் போய்விட்டார்.

மறுபடி நடுவிலிருந்து தொடங்கி, அடுத்த நாள் முழுக்கப் பொறுமையாகத் தேய்த்து, அதே தோலில், அதே துணியில் மெருகு போட்டார். மறுபடி கீறல். இந்தத் தடவை இன்னும் ஆழம்.

அவர் கத்தவில்லை. அவள் மேல் சந்தேகப்படவும் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டு கையையும் முன்னால் நீட்டி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நடுங்குதா பாரு."

"நடுங்கல."

"அப்போ புத்திதான் தடுமாறுது. கழுவினேன்னு நினைச்சுக்கிட்டு கழுவாம விடுறேன். எங்கப்பாவுக்குக் கடைசிக் காலத்துல இப்படித்தான். சாப்பிடாமயே சாப்பிட்டேம்பார்." கல்லை ஐஸ் டிரேயில் போட்டார். "போதும். இது நமக்குச் சரிப்படாது. வெள்ளிக்கடைக்காரர்கிட்ட முடியலன்னு சொல்லிட வேண்டியதுதான்."

இப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று யாராவது கேட்டால் அவளுக்கே பதில் தெரியும். மறுநாள் காலையில் அவர் தாளிக்கிற கரண்டியில் இருந்த அரக்கைச் சுரண்டி, வெந்நீரில் தேய்த்துக் கழுவி, அடுக்களையில் கொண்டுவந்து வைத்தார். பிறகு இடுக்கி வந்தது. பால் பாத்திரம் வந்தது. வடிகட்டி வந்தது. பூதாகாரமாக நினைத்துக்கொண்டிருந்த சண்டை ஒன்றை, அவள் வாயே திறக்காமல் ஜெயித்துவிட்டாள். வடிகட்டியை வாங்கும்போது அவளுக்குச் சந்தோஷமாகவே இருந்தது. அதை மறைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது அவர் தலை நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"எப்ப கிளம்புறே?"

"ஏன்?"

"இல்ல… எதுக்குத் திரும்பி அங்க போய்க்கிட்டு? குழந்தையும் பெருசாயிடுச்சு. இங்கயே இருந்துடேன். எனக்கும் இனிமே வேலைன்னு ஒண்ணுமில்ல. ஒருத்தருக்கொருத்தர் பேச்சுத்துணை."

எந்த வார்த்தைக்காக அவள் காத்திருந்தாளோ அந்த வார்த்தை. அதைச் சொல்லும்போது அவர் சாதத்தை ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தார். ஒரு வாய்கூட ஒழுங்காகச் சாப்பிடவில்லை. "பாக்கலாம்" என்றாள் அவள். பேச்சுத்துணை என்று சொன்ன மனுஷன் அதற்கப்புறம் அன்றைக்குப் பேசவே இல்லை.

அடுத்த நாள் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டாள்.

"அக்கா, மிஷின் சத்தத்தையே காணோமே. அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கார். விட்டுட்டார்."

"ஐயோ, ஏன்?" தையல்காரம்மா குரலைத் தாழ்த்தினாள். "தப்பா நினைச்சுக்காதீங்கக்கா. நீங்க போன புதுசுல அண்ணன் இருந்த இருப்பப் பாக்கச் சகிக்காது. காலைல எந்திரிச்சா வாசக் கதவப் பிடிச்சுக்கிட்டு நிப்பார். போறவங்க வரவங்ககிட்டல்லாம் மணி என்னன்னு கேப்பார். கையில வாட்ச் கட்டியிருப்பார். எங்கிட்டயே ஒரு நாளைக்கு எத்தனையோ தடவ கேட்டிருக்கார். நானும் சொல்லுவேன். பாவம், ஒரு வார்த்தை பேசணும், வேற என்ன கேக்கறது? அந்த மிஷின் வந்தப்புறந்தான் மனுஷன் ஆனார். இன்னிக்குக் காலைல என்கிட்ட மறுபடி மணி கேட்டார்க்கா. எனக்கு என்னவோபோல ஆயிடுச்சு."

அவள் வீட்டுக்குள் வந்து வாசல் பக்கம் பார்த்தாள். மீட்டர்காரர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். தெருவில் யாருமில்லை. நான் இங்கே இருக்கும்போதே இந்த மனுஷன் இப்படி நிற்கிறாரே என்று அவளுக்குத் தோன்றியது. மகன் வீட்டில் ஃப்ரிட்ஜ் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த பகல்களெல்லாம் அவளுக்கு நினைவு வந்தன. வாசலுக்குப் போனாள்.

"உள்ள வாங்க, ஒரு விஷயம் சொல்லணும்."

"என்ன?"

"நீங்க வெள்ளிக்கடைக்குப் போனீங்களே, அன்னிக்கு உங்க பிரஷ்ஷு, துணி எல்லாத்தையும் நான்தான் கழுவினேன்."

"கழுவினியா? எப்படி?"

"ஒரே வாளில போட்டு. தோலையும் அந்தத் துணியாலதான் துடைச்சேன்."

என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஒரே வாளிலயா?"

"ஆமா. நீங்க சொன்னத நான் சரியாக் கேக்கல. கீறல் விழுந்தப்பவே எனக்குத் தெரியும். சொல்லாம விட்டுட்டேன்."

"அப்போ நான் கை கழுவியிருக்கேன்."

"கழுவியிருக்கீங்க."

"ரெண்டு தடவையும்."

"ரெண்டு தடவையும்தான்."

அவர் அவளைப் பார்க்கவில்லை. தன் இரண்டு கைகளையும் பார்த்தார். மெல்ல முகம் விரிந்தது. "புத்தி நல்லாத்தான் இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்புறம் விறுவிறுவென்று உள்ளே போனார். அவள் பின்னாலேயே போவதற்குள் ஐஸ் டிரேயிலிருந்து கல்லை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "ரொம்ப ஆழமில்ல. எடுத்துடலாம்" என்றார். "பழைய தோல் இனி ஆகாது. அந்தக் கைப்பையோட இன்னொரு பக்கம் இருக்குல்ல, அதை வெட்டி ஒட்டிடறேன். துணியெல்லாம் புதுசா கிழிக்கணும்."

"கோவமில்லையா?"

"என்ன?" என்றார், கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டே. "அந்தத் தாளிக்கிற கரண்டி எங்க வச்சே?"

அடுப்பில்தான் இருந்தது. குழம்பு தாளிக்க அவள் அப்போதுதான் அதில் எண்ணெய் ஊற்றி அடுப்பைப் பற்றவைத்திருந்தாள். அவர் வந்து அதைப் பார்த்துக்கொண்டு நின்றார், அவசரப்படுத்தாமல், ஆனால் நகராமல். அவள் தாளித்துக் கொட்டிவிட்டு, கரண்டியைத் துடைத்து அவர் கையில் கொடுத்தாள். வடிகட்டியையும் பால் பாத்திரத்தையும் அவளே எடுத்துக் கொடுத்தாள். இடுக்கியை அவர் எடுத்துக்கொண்டார். இங்கேயே இருந்துவிடு என்று சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை. அவள் ஞாபகப்படுத்தவும் இல்லை.

சக்கரச் சத்தம் தொடங்கிய பிறகு அவள் படுக்கையறைக்குப் போய், பெட்டியிலிருந்த துணிகளையெல்லாம் எடுத்து அலமாரியில் அடுக்கினாள். யாரும் பார்க்கவில்லை. யாரிடமும் கேட்கவுமில்லை. காலிப் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனாள்.

பாத்திரக்கடையில் ஒரு நடுவயதுக்காரர் உட்கார்ந்திருந்தார். டீ வடிகட்டி கேட்டாள். தாளிக்கிற கரண்டி, இடுக்கி, பால் பாத்திரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, அவர் எடுத்து வைத்துக்கொண்டே வந்து, அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"புதுக் குடித்தனமாம்மா? பொண்ணுக்கா, பையனுக்கா?"

"எனக்குத்தான்."

அவர் பின்னாலிருந்த அலமாரிப் பக்கம் திரும்பினார். சோறு வடிக்கும் பாத்திரங்களில் சின்னதாக ஒன்றையும் கொஞ்சம் பெரிதாக ஒன்றையும் எடுத்து எதிரில் வைத்தார்.

"இது ஒருத்தருக்குப் போதும். இது ரெண்டு பேருக்கு. எதைக் கட்டட்டும்?"

அவள் இரண்டையும் கையில் தூக்கிப் பார்த்தாள். சின்னதை எடுத்தவள் சட்டென்று கீழே வைக்கவில்லை.

"பெருசையே கட்டுங்க" என்றாள். "ரெண்டு பேருதான். ஒருத்தர கூப்பிட்டு கூப்பிட்டுத்தான் சாப்பிட வைக்கணும்."